பட்டம் தரும் கழகம் படுக்க இடம் தருமா?

பிள்ளையைப் படிப்பிப்பதற்காகத் தோட்டக் காணியை ஈடு வைத்த தந்தையர் இக்குடாநாட்டில் எத்தனை பேர் என்று எண்ணப் புகுந்தால் எண்ணி மாளாது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வந்த அன்று கோயிலில் அருச்சனை. அயலட்டைக்குச் சர்க்கரைப் பொங்கல். ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாயிலில் வாழ்த்துப் பதாகை. அதுவரை நன்று. அதன் பின்னர் அந்தப் பிள்ளை எங்கே உறங்குகிறது, எதை உண்கிறது, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்கிறது, அச்சம் வந்தால் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று ஒரு சமூகமாக நாம் கேட்டதுண்டா? கேட்கவில்லை என்பதே என் வழக்கு.

இவ்வழக்கை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை முன்வைத்தே பேசுகிறேன். நம்முடையது என்று நாம் உரிமை கொண்டாடும் கழகம் அது. தமிழருக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்ற கோரிக்கை 1950களிலும் 1960களிலும் மேடைதோறும் முழங்கியது. திருகோணமலையே உகந்த இடம் என்றார் ஒரு சாரார். யாழ்ப்பாணமே என்றார் மறுசாரார். பெயர் என்ன, மொழி என்ன, சமயச் சார்பு உண்டா என்று வாதங்கள் நீண்டன. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. அதைத் தொடர்ந்து மாவட்டப் பங்கீடு வந்தது. பல்கலைக்கழகக் கதவு நம் பிள்ளைகளின் முகத்திலே சாத்தப்பட்டதாக ஒரு தலைமுறையே கொதித்தது. அந்தக் கொதிப்பின் நடுவில், 1974 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் நிறுவப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களே அதன் இருப்பிடம். 1979 ஜனவரி முதலாம் நாள் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார்.

இடத்துக்காகவும் பெயருக்காகவும் எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்கேனும் மாணவர் விடுதிக்காக எழுந்ததாக என் வாசிப்பில் தென்படவில்லை. பாடசாலைக் கட்டடத்தில் தொடங்கிய பல்கலைக்கழகம் பகற் பாடசாலையின் இயல்போடே வளர்ந்தது. காலையில் வருவர், மாலையில் போவர் என்பதே அதன் கணக்கு. போவதற்கு அருகில் வீடில்லாத பிள்ளை அந்தக் கணக்கில் வரவில்லை.

நம் முன்னோர் இவ்விடயத்தில் நம்மிலும் தெளிவாக இருந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரியில் மாணவர்க்கு உணவும் உடையும் உறைவிடமும் கொடுத்தே கல்வி கொடுத்தனர். அச்செலவைக் கடல் கடந்த கொடையாளர் ஏற்றனர். அவர்களின் பெயர்களே மாணவருக்கு இடப்பட்டன. மதமாற்றம் அவர்களின் நோக்கம் என்பதை நான் மறைக்கவில்லை. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை அறிந்திருந்தனர் என்பதையே சொல்லுகிறேன். அவர்களை எதிர்த்து எழுந்த ஆறுமுக நாவலரும் 1848 இல் வண்ணார்பண்ணையில் பள்ளி கண்டதோடு அமையவில்லை. பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்தார். இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி எழுப்பியபோது விடுதியோடேயே எழுப்பினார். பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய மண் இது.

பேராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் அங்கே குடிபெயர்ந்தபோது, வதிவிடப் பல்கலைக்கழகமாகவே அதை ஐவர் ஜெனிங்ஸ் வடிவமைத்தார். இராமநாதன், அருணாசலம் என்னும் பெயர்கள் அங்குள்ள விடுதிகளுக்கு இன்றும் உண்டு. அனுமதி பெருகியபோது அந்த ஏற்பாடு நெருக்கடிக்குள்ளானது வேறு கதை. படிப்பும் உறைவும் ஒன்றையொன்று பிரியாதவை என்ற எண்ணமாவது அத்திவாரத்தில் இருந்தது.

நிற்க. இன்றைய நிலைமைக்கு வருவோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று பயில்வோர் கோண்டாவிலிலும் கொக்குவிலிலும் பிறந்தவர் மட்டுமல்லர். முல்லைத்தீவிலிருந்து வருகின்றனர், மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் வருகின்றனர். தென்னிலங்கைச் சிங்கள மாணவரும் பெருந்தொகையாக வருகின்றனர். விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. விடுதி இடம் எல்லோருக்கும் போதாது. இடம் கிடையாதவர் வளாகத்தைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் அறை தேடுகின்றனர். ஓர் அறையில் மூவர், நால்வர், ஒரு கிணறு, ஒரு மின்குமிழ், சமைக்கத் தடை, பெண்பிள்ளையாயின் மாலை ஆறு மணிக்குப் படலை பூட்டப்படும். நூல்நிலையம் அதன் பின்னும் திறந்திருந்தால் அவளுக்கு என்ன பயன்?

இதைச் சொல்லும்போது வீட்டுக்காரர் எல்லோரையும் கொடியவராகக் காட்ட நான் முற்படவில்லை. பலர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர். சிலர் அந்த வாடகையிலேயே சீவிக்கும் விதவைகள். மாணவி ஒருத்தியைத் தம் பேத்தி போல் பார்த்துக்கொண்ட ஆச்சிமாரை நான் அறிவேன். ஆனால் இரக்கம் சட்டமாகாது. அறை எடுத்துத் தங்கும் மாணவன் 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பாதுகாக்கும் வாடகைக்குடி என்ற நிலையைப் பெரும்பாலும் பெறுவதில்லை. உரிமையாளரின் அனுமதியில் தங்குபவன் மாத்திரமே. எழுத்தில் ஒப்பந்தம் இராது, பற்றுச்சீட்டு இராது. முல்லைத்தீவைச் சேர்ந்த ஒரு பிள்ளையின் தாய் என் காரியாலயத்துக்கு வந்தார். இரண்டு மாத வாடகை நிலுவை என்று, பிள்ளையின் பெட்டியையும் புத்தகங்களையும் உள்ளே வைத்து வீட்டுக்காரர் அறையைப் பூட்டிவிட்டார். பரீட்சைக்கு ஒன்பது நாள். "ஐயா, கோட்டுக்குப் போனால் எத்தனை நாள் செல்லும்?" என்று கேட்டார். எத்தனை நாள் என்றா சொல்வது? எத்தனை தவணை என்றல்லவா சொல்ல வேண்டும்! ஊர்க்கோயில் தர்மகர்த்தா ஒருவரைக் கொண்டு பேசி அன்று மாலையே பூட்டைத் திறப்பித்தோம். தர்மகர்த்தா அகப்படாத பிள்ளைகளின் கதி என்ன?

வாடகை ஏன் நிலுவையாயிற்று? உதவிப்பணம் உரிய நாளில் வரவில்லை. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் வறிய மாணவர் பல்லாயிரவரைப் படிப்பித்திருக்கிறது. அதை எவரும் மறுக்கவியலாது. ஆனால் மாதம் 5000 ரூபா என்ற தொகை பல ஆண்டுகளாக அசையாமல் நின்றது. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது; உணவுப் பொருளின் விலை ஏறக்குறைய இருமடங்கு. அப்போதும் மாணவனுக்கு அதே ஐயாயிரந்தான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 7500 ரூபாவாகவும், பர்சரி உதவி 6500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. நன்றி சொல்வோம், சொல்லிவிட்டுக் கணக்கும் பார்ப்போம். 7500 ரூபாவை முப்பதால் பிரித்தால் நாளொன்றுக்கு 250 ரூபா. மூன்று நேர உணவுக்கு வேண்டாம், மதியச் சாப்பாட்டுப் பார்சல் ஒன்றுக்கேனும் அது போதுமா என்று திருநெல்வேலிச் சந்தியில் கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

தோட்டக்காரருக்கு இதில் தனியொரு குறை உண்டு. உதவி பெறுவதற்குக் குடும்ப வருமானத்தை அத்தாட்சிப்படுத்த வேண்டும். சம்பளக்காரனின் வருமானம் மாதந்தோறும் ஒன்று. வெங்காயம் நட்டவனின் வருமானம் மழையையும் இறக்குமதிக் கப்பலையும் பொறுத்தது. ஒரு நல்ல போகத்தில் நாலு காசு கண்டவன் அவ்வாண்டில் வருமானமுள்ளவன் ஆகிவிடுகிறான். அடுத்த போகம் அழுகிப்போனால் அந்தப் பிள்ளைக்கு யார் ஈடு செய்வர்? மூன்றாண்டுச் சராசரியைப் பாருங்கள் என்று நம் கமக்காரர் அமைப்புகள் கேட்டிருக்க வேண்டும், இனியேனும் கேட்கட்டும்.

உடம்பின் பசியைச் சொன்னேன். மனத்தின் நோவை இனிச் சொல்லுகிறேன். இன்று முதலாண்டில் காலடி வைக்கும் பிள்ளை 2009 மே மாதத்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தை. வன்னியிலிருந்து வரும் பிள்ளைகளுள் தந்தையைப் பதுங்குகுழியோரம் இழந்தவர் உண்டு. தமையன் இருக்கிறானா இல்லையா என்ற விடை இன்றி வளர்ந்தவர் உண்டு. போர் இம்மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய காயத்தை இதே பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தார். வளாகமும் வெறும் பாடங்கேட்கும் இடமாக இருந்ததில்லை. 1987 அக்டோபரில் இந்தியப் படை அதன் மைதானத்தில் இறங்கிப் போர் புரிந்தது. 1989 செப்டெம்பரில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார். 2016 அக்டோபரில் அதன் மாணவர் இருவர் குளப்பிட்டிச் சந்திக்கருகில் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியாகினர். 2021 ஜனவரியில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டு, மாணவர் உண்ணாநோன்பிருந்தபின் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தனையும் கண்ட மண்ணில் ஓர் இளம் உள்ளம் தளர்ந்தால் அதைத் தாங்குவது யார்?

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர் பதவி உண்டு. அதை வகிப்போர் பெரும்பாலும் விரிவுரையாளர்; கற்பித்தற் சுமைக்கு மேலதிகமாக இதையும் சுமக்கின்றனர். அவர்களுள் தன்னலமற்றோர் பலர். எனினும் ஏற்பாடே பிழை. விடைத்தாளுக்குப் புள்ளியிடுபவரும் அவரே. ஒழுக்காற்று விசாரணையில் அமரக்கூடியவரும் அவரே. உன் இரகசியத்தை என்னிடம் சொல் என்பவரும் அவரேயா? நீதவானே எதிரிக்குச் சட்டத்தரணியாகவும் தோன்றும் நீதிமன்றத்தை யாரேனும் ஏற்பரா? உளவளத்துணை என்பது பயிற்சி வேண்டும் தனித்தொழில். அத்தொழிலுக்கென நியமனம் பெற்றவர், பீடந்தோறும், தமிழிலும் சிங்களத்திலும் பேசவல்லவராக இருத்தல் வேண்டும்.

சிங்களத்திலுமா என்று சிலர் புருவத்தை உயர்த்துவர். ஆம், சிங்களத்திலுந்தான். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் நம்மீது திணிக்கப்பட்டபோது, விளங்காத மொழியில் எழுதிய படிவத்தில் எப்படி ஒப்பமிடுவது என்று கேட்டவர்கள் நாம். அம்பாந்தோட்டையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி நம் வளாகத்தில் நோயுற்றுக் கிடக்கும்போது அவளுக்கு விளங்கும் மொழியில் பேச ஆளில்லை என்றால், அந்தக் கேள்வியை இப்போது அவள் நம்மிடம் கேட்கலாமல்லவா? 2016 ஜூலையில் விஞ்ஞான பீட வரவேற்பு நிகழ்வில் இரு இன மாணவரும் கைகலந்த நாளில், அவர்களுக்கு நடுவே நின்று இரு மொழியிலும் பேசத்தக்கவர் எத்தனை பேர் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

பகிடிவதையைப் பற்றிப் பேசாமல் மாணவர் வாழ்வைப் பற்றிப் பேசுவது வெறும் பாசாங்கு. 1975 இல் பேராதனையில், இராமநாதனின் பெயர் பூண்ட அதே விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து, பகிடிவதைக்கு அஞ்சிய ஒரு மாணவி குதித்தாள். வாழ்நாள் முழுவதும் நடமாட முடியாதவளானாள். 1997 இல் அங்கேயே பொறியியல் கற்கவந்த ஒரு தமிழ் மாணவன், வதைக்குள்ளாகிச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான். அதன் பின்னரே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறை. கடுங்காயம் விளைத்தாலோ பாலியல் தொல்லை கொடுத்தாலோ பத்தாண்டு வரை. சட்டம் கடுமையானது, நம் மௌனம் அதனினும் கடுமையானது. 2020 இல் கிளிநொச்சித் தொழில்நுட்ப பீடத்தின் புதிய மாணவியர் கைபேசி வழியே துன்புறுத்தப்பட்டதாக எழுந்த முறைப்பாடு நாடெங்கும் பேசப்பட்டது. அப்போதும் நம் ஊர்களில் "இதெல்லாம் பெடியளின் பகிடி" என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. அடக்குமுறை என்ற சொல்லை நம்மினும் அதிகமாக உச்சரித்த இனம் இத்தீவில் வேறில்லை. முதலாண்டுப் பிள்ளையின் சட்டை நிறத்தையும் தலைவாரும் விதத்தையும் மூத்தவன் ஆணையிடுவதற்கு அகராதியில் வேறு என்ன பெயர்?

தவறு நேர்ந்தபின் பரிகாரம் எங்கே? இங்கேதான் சட்டம் மாணவனைக் கைவிடுகிறது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் ஊழியருக்கென மேன்முறையீட்டுச் சபை ஒன்றை வகுத்திருக்கிறது. நியமனம், பதவி உயர்வு, ஒழுக்காற்று நடவடிக்கை முதலியவற்றில் குறையுற்ற ஊழியர் அங்கே செல்லலாம். வகுப்புத்தடை விதிக்கப்பட்ட மாணவனுக்கு அத்தகைய சபை இல்லை. அவனுக்குள்ள வழி இரண்டு. அரசியலமைப்பின் 140 ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றில் நீதிப் பேராணை வேண்டலாம்; அல்லது 126 ஆம் உறுப்புரையின் கீழ், ஒரு மாதத்துக்குள், அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் ஏறலாம். இரண்டும் கொழும்பில், புதுக்கடையில். பல்கலைக்கழகம் மாகாணசபை அதிகாரத்துக்கு உட்பட்டதன்று ஆதலால் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் இதில் பேராணை வழங்கவும் இயலாது. நாளுக்கு 250 ரூபாவில் வாழ்பவன் புதுக்கடைக்குப் பயணச்சீட்டு எடுப்பானா, சட்டத்தரணிக்குக் கொடுப்பானா?

ஆகவே சட்டத்திருத்தம் ஒன்று வேண்டும். மாணவரின் குறைகேட்கும் சுயாதீனச் சபை, பல்கலைக்கழகம் அமைந்துள்ள மாவட்டத்திலேயே கூடி, பதினான்கு நாளில் முடிவு சொல்லுதல் வேண்டும். வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர் எக்கட்சியினராயினும் தனிநபர் பிரேரணையாகவேனும் இதைக் கொண்டுவரத் தடையேதும் இல்லை. இது தமிழ் மாணவனுக்கு மட்டுமன்றி மாத்தறை மாணவனுக்கும் பயன் தருவது. தென்னிலங்கை உறுப்பினரின் வாக்கும் இதற்குக் கிடைக்கும் என நம்புகிறேன்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி நல்லூர்ப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது. துணைவிதி இயற்றும் அதிகாரம் பிரதேச சபைக்கு உண்டு. மாணவருக்கு அறை கொடுப்போர் பெயரைப் பதிந்து, ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தல் மலையைப் புரட்டும் வேலையன்று. அதே எல்லைக்குள் கதவு பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் சபை எண்ணிப் பார்க்கட்டும். உரிமையாளர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாள் வந்து தங்குவதற்காக ஆண்டு முழுவதும் ஆறு அறைகள் இருட்டில் கிடக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் இவ்வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து, பொறுப்பான ஒருவரை அமர்த்தி, மாணவர் இல்லங்களாக நடத்தலாம். இந்தச் சங்கங்கள் புலமைப்பரிசில் வழங்கும் விழாக்களில் மாலைக்கும் நிழற்படத்துக்கும் ஆகும் செலவைக் கண்டு மலைத்தவன் நான். அப்பணத்தில், மகாபொல பிந்தும் மாதங்களில் மாணவருக்கு வட்டியில்லாக் கைமாற்றுக் கொடுக்கும் சுழல்நிதி ஒன்றைத் தொடங்கியிருக்கலாம்.

சிற்றுண்டிச்சாலை விடயமும் நம் கைக்கு எட்டாததன்று. உரும்பிராயிலும் இணுவிலிலும் விளையும் மரக்கறி தம்புள்ளைச் சந்தைக்குப் போய்த் திரும்பி வரும் கூத்தை விவசாயிகள் அறிவர். தோட்டத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் பல்லாயிரம் வாய்கள் இருக்கின்றன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நேரே கொள்முதல் செய்து வளாகத்துக்கும் விடுதிகளுக்கும் கொடுத்தால், தோட்டக்காரனுக்கு நிலையான விலை. மாணவனுக்குத் தண்ணீராய்ப் போகாத சாம்பார்.

கடலுக்கு அப்பால் நோக்குவோம். தமிழ்நாட்டு அரசு 2022 செப்டெம்பரில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபா வழங்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்கும் விரித்தது. தொகை பெரிதன்று. அந்தப் பணம் மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்பதே என் கவனத்தைக் கவர்ந்தது. நாம் அரசு நடத்தவில்லை என்பது உண்மை. மாகாணசபைத் தேர்தலைக்கூட ஆண்டுக்கணக்கில் காணவில்லை. அதனாலேயே நாம் எதையும் செய்யவியலாதவர் என்ற முடிவுக்கு வருவதை நான் ஏற்கவில்லை.

பல்கலைக்கழகப் பேரவையில் வெளியிலிருந்து நியமனம் பெறும் உறுப்பினர் இருக்கின்றனர். நிருவாகம், கல்வி, தொழில் முதலிய துறைகளில் அனுபவம் வாய்ந்தோரே அப்பதவிகளுக்கு வருபவர். இப்பத்திரிகையை வாசிக்கும் கனவான்களுள்ளும் சிலர் இருப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் ஒரேயொரு பட்டியலைக் கேளுங்கள்: விடுதி வேண்டி விண்ணப்பித்தோர் எத்தனை பேர், இடம் பெற்றோர் எத்தனை பேர், பெறாதோர் ஒவ்வொருவரும் இன்றிரவு எந்த ஒழுங்கையில், எவருடைய வீட்டில், என்ன வாடகைக்குத் தங்கியிருக்கின்றனர்? பதிவாளரிடம் அப்பட்டியல் இருந்தால் மேசையில் வைக்கட்டும். இல்லையென்றால், அதைத் தயாரிக்க எத்தனை நாள் வேண்டும் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதுவியுங்கள்.